கஞ்சா கம்பெனி ஷேர் வாங்கலாமா? சேலத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கனடாவில் வேலை பார்க்கும் மகனோ மருமகனோ ஃபோனில் சொல்லியிருப்பார். இல்லையென்றால் யூடியூபில் யாரோ பேசியதைக் கேட்டிருப்பீர்கள். அங்கே கஞ்சா விற்கிற கம்பெனி ஷேர் மார்க்கெட்டிலேயே இருக்கிறது, நாமும் வாங்கலாம் என்று. சேலத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வெளிநாட்டு முதலீட்டுக் கணக்குகளைப் பார்ப்பது என் வேலை. வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர், ஏற்காட்டில் காப்பித் தோட்டம் உள்ளவர், வீட்டிலிருந்தே ஐ.டி. வேலை பார்க்கும் இளைஞர் என்று பலர் இதைக் கேட்டு வருகிறார்கள். எல்லாரும் கேட்பது, "எந்த ஷேர் வாங்கட்டும்?" அது கடைசியாக வர வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் இரண்டு உண்டு. அந்தத் தொழிலில் நம் பணத்தைப் போட இங்கே சட்டம் விடுகிறதா? அந்தக் கம்பெனி சம்பாதிக்கும் பணம் பங்குதாரர் கைக்கு வருகிறதா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துகொண்டால் பாதிப் பேர் வாங்க மாட்டார்கள். மீதிப் பேர் யோசித்து வாங்குவார்கள்.

முதல் படி: நம் ஊர்ச் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

சேலம் ஜங்ஷனில் ரயிலிலிருந்து கஞ்சாப் பொட்டலம் பிடிபட்ட செய்தி பத்திரிகையில் அடிக்கடி வருகிறது. அதற்கு அடிப்படை 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம். அந்தச் சட்டத்தில் கஞ்சா என்றால் செடியின் பூவும் காயும் உள்ள நுனிப்பகுதி. செடியின் பிசினைச் சட்டம் தனியாகக் குறிப்பிடுகிறது. நுனியோடு சேராத விதையும் இலையும் அந்த வரையறைக்குள் வராது. 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு; தண்டனை 10 முதல் 20 ஆண்டு சிறை. அனுமதியில்லாமல் பயிரிட்டால் 10 ஆண்டு வரை.

மலையில் எஸ்டேட் வைத்திருப்பவர்களுக்கு இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். உத்தராகண்டில் 2018 முதல் போதை மிகக் குறைந்த தொழில்துறைச் சணலுக்கு, அதாவது ஹெம்ப்புக்கு, உரிமம் தந்தார்கள். டி.எச்.சி. என்ற போதைப்பொருள் 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதைக் கேள்விப்பட்டு "சேர்வராயன் மலையிலும் போடலாமே, மண்ணும் குளிரும் சரியாக இருக்கும்" என்று கேட்கிறார்கள். அனுமதி கொடுக்கும் அதிகாரம் மாநில அரசுக்குத்தான். தமிழ்நாட்டில் அப்படி ஒரு திட்டம் இல்லை. காப்பிக்கும் மிளகுக்கும் நடுவே ஒரே ஒரு செடி வைத்தாலும் வழக்குதான். ஹெம்ப் விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றை உணவாக விற்க உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 நவம்பரில் வழி செய்தது. கடையில் பார்க்கும் ஹெம்ப் பொருட்கள் அந்த வழியில் வந்தவை.

சரி, செடி வேண்டாம், வெளிநாட்டுக் கம்பெனியின் ஷேர் மட்டும் வாங்கினால்? யூடியூபில் யாரும் சொல்லாத விஷயம் இதில்தான் இருக்கிறது. இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டில் செய்யும் முதலீட்டுக்கு 2022 ஆகஸ்டில் மத்திய அரசு புது விதிகள் கொண்டுவந்தது. முதலீடு போகும் நிறுவனம் நேர்மையான தொழிலில் ஈடுபட்டிருக்க வேண்டும் என்கின்றன அந்த விதிகள். நேர்மையான தொழில் என்பதற்கு விளக்கமும் கூடவே இருக்கிறது: இந்தியச் சட்டப்படியும், அந்த நாட்டுச் சட்டப்படியும் அனுமதிக்கப்பட்ட தொழில். இரண்டு பக்கமும் சரியாக இருக்க வேண்டும். கனடாவில் கடை வைத்துக் கஞ்சா விற்பது அங்கே சட்டப்படி சரி, இங்கே இல்லை. அமெரிக்காவில் பல மாநிலங்களில் சரி, ஆனால் மத்திய அரசின் சட்டத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள், இங்கேயும் இல்லை.

போதைப்பொருள் சட்டத்தின் 12-ஆம் பிரிவையும் 27ஏ பிரிவையும் படித்துப் பாருங்கள். வெளிநாட்டில் வாங்கி வெளிநாட்டிலேயே விற்கும் வியாபாரத்தை இந்தியாவிலிருந்து நடத்துவதையும் கட்டுப்படுத்துவதையும் 12-ஆம் பிரிவு தடுக்கிறது. சட்டவிரோதக் கடத்தலுக்குப் பணம் கொடுப்பதைப் பற்றியது 27ஏ. நாஸ்டாக் என்ற அமெரிக்கப் பங்குச் சந்தையில் நாலு ஷேர் வாங்கும் சிறு முதலீட்டாளர் எந்த வியாபாரத்தையும் நடத்துவதில்லை, கட்டுப்படுத்துவதும் இல்லை என்று வாதாடலாம். அது நியாயமான வாதம்தான். ஆனால் வாதாட வேண்டிய இடத்தில் உங்கள் பணம் நிற்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

புரோக்கர் ஆப்பில் டில்ரே, கேனபி குரோத் என்ற கனடாக் கஞ்சாக் கம்பெனிகளின் பெயரெல்லாம் வருகிறதே, "வாங்கு" பட்டனும் இருக்கிறதே என்பார்கள். பட்டன் இருப்பது அனுமதி ஆகாது. பணம் அனுப்பும் வங்கிப் படிவத்தில், விதிகளுக்கு உட்பட்டு அனுப்புகிறேன் என்று கையெழுத்துப் போடுவது நீங்கள், பொறுப்பும் உங்களுடையது. ஆகவே கஞ்சாவை நேரடியாக விளைவித்து விற்கும் கம்பெனியில்தான் போடுவேன் என்றால், அந்நியச் செலாவணிச் சட்டம் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள். போடப்போவது இருபதாயிரம்தான், வக்கீலுக்கு அவ்வளவு செலவு செய்ய முடியாது என்றால், அந்த வகைக் கம்பெனியை விட்டுவிட்டுக் கீழே நான் சொல்லும் மற்ற வகைகளைப் பாருங்கள். என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

டொரண்டோவில் வசிக்கும் மகனுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அவர் அங்கே வசிப்பவர், அங்கே சம்பாதித்த பணத்தை அந்த நாட்டுச் சட்டப்படி போடுகிறார். ஆனால் நீங்கள் இங்கிருந்து அவருக்குப் பணம் அனுப்பி, அவர் பெயரில் உங்களுக்காக வாங்கச் சொல்வது வேறு விஷயம். மகனுக்கு அன்பளிப்பு அனுப்பினால் அது அன்பளிப்பு; அப்புறம் அந்தப் பணம் அவருடையது. மகள் அமெரிக்காவில் குடியுரிமைக்குக் காத்திருப்பவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். மாநிலம் அனுமதித்திருந்தாலும் கஞ்சா சம்பந்தப்பட்ட நடவடிக்கை குடியுரிமை விண்ணப்பத்துக்குத் தடையாகலாம் என்று அந்நாட்டுக் குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் வழிகாட்டுதல் வெளியிட்டது. குடியேற்ற வக்கீலைக் கேட்காமல் இந்தப் பக்கம் போக வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

இரண்டாம் படி: எந்த நாட்டில் என்ன நிலை

உருகுவே 2013-லேயே சட்டம் இயற்றியது. பெரிய பொருளாதாரங்களில் முதலில் நாடு முழுக்கத் திறந்தது கனடா, 2018 அக்டோபர் 17 அன்று. ஜெர்மனி 2024 ஏப்ரல் 1 முதல் பெரியவர்கள் குறைந்த அளவு வைத்திருக்கவும் வளர்க்கவும் விட்டது. கடை வைத்து விற்க இன்னும் பொதுவான அனுமதி இல்லை. ஆனால் அதே சட்டத்தால் மருத்துவக் கஞ்சாவுக்கு மருந்துச்சீட்டு எழுதுவது எளிதாகி, கனடாக் கம்பெனிகளின் ஏற்றுமதி கூடியது.

தாய்லாந்தைப் பாருங்கள். 2022 ஜூனில் தடைப்பட்டியலிலிருந்து எடுத்தார்கள், ஊரெல்லாம் கடை முளைத்தது. 2025 ஜூனில் மருத்துவச் சீட்டு இருந்தால்தான் என்று மறுபடி இறுக்கினார்கள். ஆட்சி மாறினால் தொழிலே மாறிவிடும் துறை இது.

அமெரிக்காதான் பெரிய சந்தை, சிக்கலும் அங்கேதான். கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் 2012-இல் வாக்கெடுப்பில் அனுமதித்தன. கலிபோர்னியாவில் 2018 ஜனவரியில் கடைகள் திறந்தன. ஆனால் மத்திய சட்டத்தில் 1970 முதல் கஞ்சா முதல் அட்டவணையில், ஹெராயினோடு ஒரே வரிசையில் வைக்கப்பட்ட பொருள். அதைக் கட்டுப்பாடு குறைந்த மூன்றாம் அட்டவணைக்கு இறக்கலாம் என்று 2024 மே மாதம் நீதித்துறை முன்மொழிந்தது. அந்த வேலையை வேகப்படுத்தச் சொல்லி 2025 டிசம்பரில் அதிபர் டிரம்ப் உத்தரவு போட்டார். நீங்கள் வாங்கும் நாளில் இது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைக் கட்டாயம் பாருங்கள். ஒவ்வொரு முறை இந்தச் செய்தி வரும்போதும் ஷேர் ஒரே நாளில் துள்ளும், அடுத்த சில வாரங்களில் இறங்கும். செய்தி வந்த அன்று வாங்கியவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். ஃபுளோரிடாவில் 2024 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 56 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். தேவை 60. தோற்றது. அங்கே பெரிய கம்பெனியான ட்ரூலீவ் பிரசாரத்துக்கு 10 கோடி டாலருக்கு மேல் செலவழித்திருந்தது. அடுத்த நாள் அதன் ஷேர் சரிந்தது.

மூன்றாம் படி: கம்பெனி எந்த வகை என்று பிரியுங்கள்

கனடாவில் உரிமம் பெற்று விளைவிப்பவர்கள் முதல் வகை. கேனபி குரோத், டில்ரே, அரோரா, எஸ்.என்.டி.எல். இவை நாஸ்டாக்கிலும் இருப்பதால் இந்திய ஆப்களில் கண்ணில் படுவது இவைதான். டில்ரே இப்போது பீரும் விற்கிறது. 2023-இல் எட்டு பீர், பானப் பிராண்டுகளை விலைக்கு வாங்கியது.

அமெரிக்காவில் பல மாநிலங்களில் கடை நடத்துபவை இரண்டாவது. கியூராலீஃப், கிரீன் தம்ப், ட்ரூலீவ், வெரானோ போன்றவை. வியாபாரம் இவற்றிடம்தான் பெரியது. ஆனால் மத்திய சட்டத் தடையால் நியூயார்க் பங்குச் சந்தையும் நாஸ்டாக்கும் இவற்றைச் சேர்த்துக்கொள்ளாமல் இருந்தன. அதனால் கனடாவின் சந்தைகளில் பட்டியலிட்டு, அமெரிக்காவில் சந்தைக்கு வெளியே புரோக்கர்கள் மூலம் கைமாறின. அந்த வகைப் பங்குகளை நம் ஆப்கள் பெரும்பாலும் காட்டுவதில்லை. காட்டினாலும் புதியவர் தொடாமல் இருப்பதே நல்லது.

செடியைத் தொடாமல் இந்தத் தொழிலை நம்பிப் பிழைப்பவை மூன்றாவது. இன்னோவேட்டிவ் இண்டஸ்ட்ரியல் பிராப்பர்ட்டீஸ் நல்ல எடுத்துக்காட்டு. 2016-இல் நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலான ரீட், அதாவது நிலம், கட்டடம் வாங்கி வாடகைக்கு விடும் கம்பெனி. கஞ்சாக் கம்பெனிகளுக்குக் கட்டடம் வாடகைக்கு விட்டு, வாடகையில் டிவிடெண்ட், அதாவது பங்குதாரருக்கான லாபப் பங்கு, தருகிறது. கட்டடத்தை வாடகைக்கு விடுவது இங்கேயும் சட்டப்படியான தொழில்தான். முதல் படியில் சொன்ன கேள்விக்கு இது கொஞ்சம் நல்ல பதில், ஆனாலும் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இதில் ஆபத்து வேறு விதமானது: குடித்தனக்காரர் வாடகை கட்டாவிட்டால் வீட்டுக்காரருக்கும் வருமானம் இல்லை. 2024 டிசம்பரில் அதன் பெரிய வாடகைதாரர்களில் ஒன்றான ஃபார்மாகேன் வாடகை தவறியதும் ஷேர் ஒரே நாளில் பலமாக விழுந்தது. தோட்டத்துக்கு உரமும் விளக்கும் விற்ற ஸ்காட்ஸ் மிராக்கிள்-குரோவும் இந்த வகைதான்.

மருந்துக் கம்பெனி நான்காவது. கஞ்சாச் செடியிலிருந்து பிரித்த பொருளால் செய்யப்பட்ட எபிடியோலெக்ஸ் என்ற வலிப்பு மருந்துக்கு அமெரிக்காவில் 2018 ஜூனில் அனுமதி கிடைத்தது. அதைக் கண்டுபிடித்த பிரிட்டிஷ் கம்பெனியை ஜாஸ் ஃபார்மசூட்டிகல்ஸ் 2021-இல் சுமார் 720 கோடி டாலருக்கு வாங்கியது. ஜாஸ் நாஸ்டாக்கில் இருக்கிறது, பகலில் அளவுக்கு மீறித் தூக்கம் வரும் நோய், புற்றுநோய் என்று மற்ற மருந்துகளும் விற்கிறது. கஞ்சாத் துறையில் கால் வைக்க வேண்டும், சட்டத்தில் தலை மாட்டக்கூடாது என்று நினைப்பவருக்கு நான் முதலில் காட்டுவது இந்த வகையைத்தான். லாபம் பறக்காது, ஆனால் கேள்வியும் குறைவு.

இ.டி.எஃப். என்ற கூட்டு நிதியும் உண்டு. எம்.எஸ்.ஓ.எஸ். என்பது 2020 செப்டம்பரில் தொடங்கி அமெரிக்கக் கஞ்சாக் கம்பெனிகளைப் பின்தொடர்வது. அது பங்குகளை நேரடியாக வைத்திருப்பதைவிட வங்கிகளோடு போட்ட ஒப்பந்தங்கள் மூலமே அதிகம் இயங்குகிறது. ஒரே கம்பெனியை நம்புவதற்கு இது பரவாயில்லை என்றாலும், துறையே விழும்போது இதுவும் கூடவே விழும்.

நான்காம் படி: கணக்கைப் படியுங்கள்

முன்பு என்ன நடந்தது என்று தெரியாமல் இதற்குள் போகாதீர்கள். 2018 ஜூலையில் டில்ரே ஒரு பங்கு 17 டாலருக்கு வெளியிட்டது. இரண்டே மாதத்தில், செப்டம்பர் 19 அன்று, விலை 300 டாலரைத் தொட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், கரோனா பீர் விற்கும் கான்ஸ்டெல்லேஷன் பிராண்ட்ஸ் கேனபி குரோத்தில் சுமார் 500 கோடி கனடா டாலர் போடுவதாக அறிவித்தது. பெரிய ஆட்களே போடுகிறார்களே என்று சின்ன ஆட்களும் போட்டார்கள். கேனபி தொழில் தொடங்கியது ஒன்டாரியோவில் ஹெர்ஷே மூடிவிட்டுப் போன சாக்லேட் தொழிற்சாலையில். விளைச்சல் கூடிப்போய் 2020 மார்ச்சில் இரண்டு பெரிய பசுமைக் கூடங்களை மூடியது. 2023-இல் அந்தத் தொழிற்சாலையை ஹெர்ஷேவுக்கே திருப்பி விற்றது.

ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளிக்கு நல்ல விலை கிடைத்த வருஷம் எல்லாரும் கிழங்கு நடுவார்கள். அடுத்த வருஷம் சேகோ ஆலை வாசலில் லாரி வரிசை கட்டும், விலை விழும். கனடாவில் நடந்ததும் அதுதான். யார் வேண்டுமானாலும் விளைவிக்கக்கூடிய பொருளில், முதல் இரண்டு வருஷத்து விலையை வைத்து அடுத்த பத்து வருஷத்துக்குக் கணக்குப் போட்டார்கள்.

அதனால் கம்பெனியின் ஆண்டறிக்கையில் முக்கியமாக நாலு இடத்தைப் பார்க்கச் சொல்வேன். ஆண்டறிக்கை அந்தந்தக் கம்பெனியின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

பங்கு எண்ணிக்கையை முதலில் பாருங்கள். இது எல்லாவற்றையும்விட முக்கியம். நஷ்டத்தில் ஓடும் கம்பெனி பணத்துக்கு என்ன செய்யும்? புதுப் பங்கு அச்சடித்து விற்கும். உங்கள் பங்கின் பாகம் சுருங்கிக்கொண்டே போகும். அப்படியே விலை ஒரு டாலருக்குக் கீழே போனால் நாஸ்டாக் பட்டியலிலிருந்து நீக்கிவிடும் என்பதால், பல பங்குகளைச் சேர்த்து ஒன்றாக்குவார்கள். ரிவர்ஸ் ஸ்ப்ளிட் என்று இதைச் சொல்கிறோம். அரோரா 2020 மேயில் 12 பங்கை ஒன்றாக்கியது, 2024 பிப்ரவரியில் 10 பங்கை ஒன்றாக்கியது. 120 பங்கு வைத்திருந்தவரிடம் முதலில் 10 மிஞ்சியது, பிறகு 1. கேனபியும் 2023 டிசம்பரில் 10-க்கு 1 என்று சேர்த்தது. இதில் புதியவர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஆப்பில் வரும் பழைய விலை வரைபடம் இந்தச் சேர்ப்புக்கு ஏற்பத் திருத்தப்பட்டது. அதனால் பழைய விலை ஆயிரக்கணக்கான டாலராகத் தெரியும். "அவ்வளவு இருந்த ஷேர் இப்போது அஞ்சு டாலர்தானே, பாதி ஏறினால்கூடப் போதும்" என்று நினைக்கத் தோன்றும். அந்த உயரத்தில் இருந்தது வேறு கம்பெனி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வரி. அமெரிக்க வருமான வரிச் சட்டத்தில் 280இ என்று ஒரு பிரிவு, 1982-இல் வந்தது. முதல் இரண்டு அட்டவணைகளில் உள்ள போதைப்பொருளை விற்பவர் தொழில் செலவுகளைக் கழிக்க முடியாது என்கிறது. சரக்கின் கொள்முதல் விலையை மட்டும் கழிக்கலாம். கணக்காகவே பார்ப்போம். விற்பனை 100 டாலர், சரக்கின் விலை 50, கடை வாடகை, சம்பளம் மற்றவை 40. உண்மையான லாபம் 10. வேறு தொழிலாக இருந்தால் 21 சதவீத வரி, அதாவது 2 டாலர் 10 சென்ட். 280இ பொருந்தினால் வரி 50-க்கு, அதாவது 10 டாலர் 50 சென்ட். லாபத்தைவிட வரி கூடுதல். மூன்றாம் அட்டவணைக்கு மாறும் என்ற பேச்சுக்கே ஷேர் ஏன் இப்படித் துள்ளுகிறது என்பது இதில் புரியும். சில கம்பெனிகள், ட்ரூலீவ் உட்பட, இந்தப் பிரிவு தங்களுக்குப் பொருந்தாது என்று வாதாடி அந்த வரியைக் கட்டாமலோ திருப்பிக் கேட்டோ வருகின்றன. அந்தத் தொகை முடிவாகாத வரிப் பொறுப்பு என்று அறிக்கையில் தனியாக நிற்கும். கையில் ரொக்கம் நிறைய இருக்கிறதே என்று மகிழ்வதற்கு முன் அந்த வரியையும் பாருங்கள்.

கனடாவில் வேறு தொல்லை. அங்கே கலால் வரி ஒரு கிராமுக்கு 1 கனடா டாலர் அல்லது விலையில் 10 சதவீதம், எது அதிகமோ அது. ஒரு கிராம் 10 டாலர் விற்கும் என்று எண்ணிப் போட்ட வரி. விலை 3 டாலருக்கு வந்தால் மூன்றில் ஒரு பங்கு வரிக்கே போகும். கனடாக் கம்பெனியின் விற்பனைத் தொகையைப் பார்க்கும்போது கலால் கழித்த பின் உள்ளதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாலாவது, உயிருள்ள சொத்து. கனடாவில் சர்வதேசக் கணக்கு முறையைப் பின்பற்றும் கம்பெனி, வளர்ந்துகொண்டிருக்கும் செடியின் மதிப்பு உயர்ந்தால் அதை அப்போதே லாபமாக எழுதலாம். இன்னும் பறிக்கவில்லை, விற்கவில்லை. மொத்த லாபம் என்று பெரிய எண் இருந்தால், அதில் இந்த ஏட்டு லாபம் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். தொழில் நடவடிக்கையில் வந்த ரொக்கம் என்ற பக்கம் பொய் சொல்வது கடினம். கடைசியில் அதைத்தான் நம்ப வேண்டும். 2019 ஜூலையில் கேன்டிரஸ்ட் என்ற கனடாக் கம்பெனி உரிமம் வாங்காத அறைகளில் செடி வளர்த்ததை அரசு கண்டுபிடித்தது. அடுத்த மார்ச்சில் அது கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டது. நன்றாகக் கணக்குப் படித்தவருக்கும் இதில் தப்ப வழியில்லை. எவ்வளவு போடலாம் என்பதை அடுத்துப் பேச அதுவே காரணம்.

ஐந்தாம் படி: எவ்வளவு, எந்தப் பணம்

உங்கள் மொத்தச் சேமிப்பில் நூற்றுக்கு இரண்டு. அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. பத்து லட்சம் வைத்திருப்பவர் இருபதாயிரம். அந்த இருபதாயிரமும் முழுசாகப் போனாலும் வீட்டில் யார் முகமும் வாடக்கூடாது. சீட்டு எடுத்த பணம், நகையை அடகு வைத்த பணம், பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் எதுவும் கூடாது. வெளிநாட்டு முதலீட்டுக்கு அனுப்ப வங்கி கடன் கொடுக்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதியும்கூட. வெளிநாட்டுச் சந்தையில் மார்ஜின் வியாபாரத்துக்கும், அதாவது புரோக்கரிடம் கடன் வாங்கிச் செய்யும் வியாபாரத்துக்கும், அனுப்ப முடியாது.

ஒரு வார்த்தை மோசடி பற்றி. வாட்ஸாப்பில் "செடிக்கு ஐம்பது யூரோ போடுங்கள், அறுவடையில் பங்கு" என்று ஏதாவது வந்தால் அழித்துவிடுங்கள். ஜூசி ஃபீல்ட்ஸ் என்ற பெயரில் ஐரோப்பாவில் இதைத்தான் செய்தார்கள். 2022-இல் மூடிக்கொண்டு ஓடினார்கள். 2024 ஏப்ரலில் பல நாட்டுப் போலீஸ் சேர்ந்து கைது செய்தபோது, மோசடித் தொகை குறைந்தது 64.5 கோடி யூரோ என்று ஐரோப்பியப் போலீஸ் அமைப்பான யூரோபோல் சொன்னது. ஈமு கோழிப் பண்ணையில் பணம் போட்ட குடும்பங்கள் நம் கொங்குப் பக்கம் இன்னும் இருக்கின்றன. செடியோ கோழியோ, மாதம் இவ்வளவு நிச்சயம் என்று சொல்லி வாங்கும் பணம் திரும்பி வராது. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி எதுவும் உங்களுக்கு நேரடியாக வாட்ஸாப் அனுப்பாது.

ஆறாம் படி: பணம் அனுப்புவதும் வாங்குவதும்

அமெரிக்கப் பங்கு வாங்க வழி செய்யும் இந்திய ஆப் ஏதாவது ஒன்றில் பான், ஆதார், வங்கிக் கணக்கு கொடுத்துக் கணக்குத் திறக்கலாம். அமெரிக்கர் இல்லை என்று உறுதி சொல்லும் டபிள்யூ-8பென் படிவம் அதிலேயே வரும். அதை நிரப்பினால்தான் டிவிடெண்டுக்கு 30 சதவீதத்துக்குப் பதில் இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தப்படி 25 சதவீதம் பிடிப்பார்கள்.

பிறகு வங்கி. தாராளமயமாக்கப்பட்ட பணம் அனுப்பும் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். ஏ2 படிவத்தில் நோக்கத்தைக் குறிப்பிட வேண்டும். வெளிநாட்டுப் பங்கு முதலீடு என்றே குறியுங்கள். செலவுக்கு என்றோ அன்பளிப்பு என்றோ மாற்றிப் போடாதீர்கள். ஓராண்டில் நீங்கள் அனுப்பும் மொத்தம் 10 லட்ச ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 20 சதவீதம் வங்கி வரியாகப் பிடிக்கும். 12 லட்சம் அனுப்பினால் 2 லட்சத்துக்கு 40,000 ரூபாய். வருமான வரிக் கணக்கில் இது கழியும், அல்லது திரும்பக் கிடைக்கும், ஆனால் அதுவரை பணம் முடங்கும். சின்னத் தொகை அனுப்புபவருக்கு வலிப்பது வேறு: ஒவ்வொரு முறையும் வங்கிக் கட்டணம், டாலர் வாங்கும் விலையிலும் வங்கி தன் பங்கை வைக்கும். மாதம் மூவாயிரம் மூவாயிரமாக அனுப்புவதைவிட ஒரே தடவை அனுப்பிவிட்டு, அங்கே டாலராக வைத்துக்கொண்டு பிரித்து வாங்குவது மிச்சம்.

அமெரிக்கச் சந்தை நம் நேரப்படி கோடையில் இரவு 7 மணிக்கும் குளிர்காலத்தில் 8 மணிக்கும் திறக்கும். முதல் அரை மணி நேரத்தில் வாங்காதீர்கள், விலை அலைபாயும் நேரம் அது. சந்தை விலைக்கு என்று போடாமல், நீங்கள் தரத் தயாராக இருக்கும் விலையை எழுதி லிமிட் ஆர்டர் போடுங்கள். நினைத்த தொகையை மூன்றாகப் பிரித்து, சில மாத இடைவெளியில், காலாண்டு அறிக்கை வந்ததைப் படித்த பின் ஒவ்வொன்றாக வாங்கலாம். இரண்டாவது அறிக்கையில் பங்கு எண்ணிக்கை எகிறியிருந்தால் மூன்றாவது தவணையில் வாங்காமல் நிறுத்திவிட இது வழி விடும்.

ஏழாம் படி: வரிக் கணக்கு

இதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். வெளிநாட்டுப் பங்கு ஒன்று, ஏன் கால் பங்கு வைத்திருந்தாலும், சாதாரண முதல் எண் படிவத்தில் (ஐ.டி.ஆர்.-1) கணக்குத் தாக்கல் செய்ய முடியாது. வெளிநாட்டுச் சொத்து அட்டவணை உள்ள படிவத்தில் செய்ய வேண்டும். அந்த அட்டவணைக்கு நம் ஏப்ரல்-மார்ச் கணக்கு கிடையாது, ஜனவரி முதல் டிசம்பர் வரை. நஷ்டமாக இருந்தாலும், விற்காமல் இருந்தாலும் காட்ட வேண்டும். மறைத்தால் 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் வரை போகலாம். வீடு, நிலம் தவிர மொத்தம் 20 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு 2024 அக்டோபர் முதல் அந்த அபராதத்திலிருந்து விலக்குத் தந்திருக்கிறார்கள். அதற்காகக் காட்டாமல் விடாதீர்கள்.

விற்று லாபம் வந்தால், 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்ததற்கு 12.5 சதவீதம். அதற்குள் விற்றால் உங்கள் வருமான அடுக்கு எதுவோ அதன்படி. நஷ்டம் வந்தால், கணக்கைக் கெடுவுக்குள் தாக்கல் செய்தவர் அதை 8 ஆண்டு வரை எடுத்துச் சென்று மற்ற மூலதன லாபத்தில் கழிக்கலாம். நீண்டகால நஷ்டம் நீண்டகால லாபத்தில்தான் கழியும். டிவிடெண்டுக்கு அங்கே பிடித்த 25 சதவீதத்தை இங்கே கட்டும் வரியில் கழிக்கத் தனிப் படிவம் உண்டு. அதையும் ஆடிட்டரிடம் நினைவூட்டுங்கள். ஆப்பிலிருந்து டிசம்பர் 31 வரைக்கான அறிக்கையை ஜனவரியிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஜூலையில் தேடினால் கிடைக்காமல் அல்லாடுவீர்கள்.

கடைசியாக வாரிசு. அமெரிக்கச் சொத்து 60,000 டாலரைத் தாண்டி இருக்கும்போது வெளிநாட்டவர் இறந்தால், தாண்டிய தொகைக்கு அங்கே 40 சதவீதம் வரை வாரிசு வரி உண்டு. நம் நாட்டோடு அதற்கு ஒப்பந்தம் இல்லை. கஞ்சாப் பங்கு மட்டும் வைத்திருந்தால் அந்த அளவை நெருங்க மாட்டீர்கள், ஆனால் மற்ற அமெரிக்கப் பங்குகளும் சேர்ந்துதான் கணக்கு. எந்த ஆப்பில், எந்த வங்கி வழியாக, என்ன வைத்திருக்கிறோம் என்பதை ஒரு தாளில் எழுதி வீட்டில் பத்திரம் வைக்கும் இடத்தில் வையுங்கள். மனைவிக்கோ கணவருக்கோ அந்தக் கணக்கு இருப்பதே தெரியாத வீடுகள் நிறைய.